ஏரியில் ஓடம், கழியில் கயாக்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 90 கி.மீ. போனால் முதலியார்குப்பம் வரும். செய்யூர் வட்டத்து ஊர். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒரு படகுத்துறை வைத்திருக்கிறது. மழை ஓய்ந்த மார்கழியிலும் தையிலும் ஓதியூர்க் கழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது கயாக்குகள் இறங்குகின்றன. ஒருவரோ இருவரோ உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் படகு. இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பு. துடுப்புப் போடுகிறவர் மார்பில் ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை. கழியின் மறுகரை மணல்திட்டைத் தாண்டினால் வங்கக்கடல்.

இது சென்னைக்காரர்களின் வார இறுதி விளையாட்டு, நேற்று வந்த நாகரிகம் என்றுதான் உள்ளூரில் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. கயாக் வந்தது நேற்றுதான். ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளிலும் கழிகளிலும் சிறுபடகு ஓடிய வரலாறு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. அந்தக் கதை கடற்கரையில் தொடங்கவில்லை. உத்திரமேரூர் வட்டாரத்து உள்நாட்டு ஏரிகளில் தொடங்குகிறது. அங்கே படகு பொழுதுபோக்காக இருந்ததில்லை. மண்வெட்டி, கூடை வரிசையில் அதுவும் ஒரு வேலைக்கருவி.

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் பள்ளிப் பாடநூல்வரை போய்விட்டன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. மேடைதோறும் சொல்லப்படும் விவரங்கள்தாம் இவை. பிராமணர்க்குத் தானமாக விட்ட ஊரின் சபை அது, ஊரார் எல்லாருக்கும் அதில் இடம் இல்லை என்பதை அந்த மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மேடையில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும் போனார்கள். மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக் காலம் 360 நாள். ஆண்டு நிர்வாகம், தோட்டம் ஆகியவற்றோடு சமமாக வைத்து ஏரிக்கென்று ஒரு தனிக்குழு! நிலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் சில வாரம் பெருக்கெடுத்து ஓடி, பிறகு மணலாகிவிடும் ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான் ஆண்டு மழையில் பாதிக்கு மேல். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் சோறு. ஆகவே இங்கே ஊர் என்றால் ஏரி. ஏரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உத்திரமேரூரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். அவன் ஆட்சி 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 9ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை நீண்டது. காஞ்சி அட்டபுயகரப் பதிகத்தில் திருமங்கையாழ்வார் வயிரமேகன் என்று ஒரு மன்னன் பெயரைச் சொல்வதும் இவனையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏரியை வெட்டியதோடு கதை முடியவில்லை. அதில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் அள்ளுவதற்கென்றே பொன்னும் நிலமும் கொடையாக விட்டிருக்கிறார்கள். அந்தப் பொன்னின் வட்டியில் வேலை நடக்க வேண்டும், முதலைத் தொடக்கூடாது. வாரியப் பெருமக்கள் அதைச் சந்திரசூரியர் உள்ளவரை நடத்தித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

படகு இங்கேதான் வருகிறது. பல்லவர், சோழர் காலத்து ஏரிக் கல்வெட்டுகளில் மண் அள்ள ஓடம் விட்ட செய்தி உண்டு. ஓடத்தை நடத்துவதற்கென்றே விட்ட கொடைகளும் உண்டு. ஏரி நிறைந்திருக்கும்போது வண்டலை எடுக்கக் கூடையோடு இறங்க முடியாது. ஓடத்தில் போய், அடியிலிருந்து சேற்றை வாரி ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். கொட்டிய மண் கரையை உயர்த்தும், மிச்சம் வயலுக்கு எருவாகும். கோடையில் ஏரி வற்றிய பிறகு வெட்டுவதைவிட இது மெதுவான வேலை. ஆனால் மதகுக்கு முன்னால் சேறு அடைத்துக்கொண்டால் கோடைவரை காத்திருக்க முடியுமா? தண்ணீர் இருக்கும்போதே வழி திறந்தாக வேண்டும். மரம், ஆணி, கயிறு, ஓடத்தைப் பழுது பார்க்கும் தச்சன், துடுப்புப் போடும் ஆள், மண் அள்ளும் ஆள் என்று எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் செலவு. ஒருமுறை செய்து கொடுத்துவிட்டுப் போகும் தானமாக இல்லாமல் நிரந்தர முதலீடாக ஓடக்கொடை அமைந்தது அதனால்தான்.

இந்த ஏற்பாடுகளைப் படிக்கும்போது ஓர் எண்ணம் எழாமல் இருக்காது. இன்றைய திட்டங்கள் ஏரியை ஒருமுறை தூர்வாரிப் பலகை நடுகின்றன. அன்றைய சபை ஏரி மறுபடியும் தூர்ந்துபோகும் என்று தெரிந்தே கணக்குப் போட்டது.

ஓடத்துக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது, அது கோயிலில். தை மாதத்தில் ஏரி குளமெல்லாம் நிரம்பியிருக்கும். தெப்பத் திருவிழாக்கள் பலவும் அதை ஒட்டியே வருகின்றன. மயிலைக் கபாலீசுவரர் தைப்பூசத்தில் தெப்பம் ஏறுகிறார். மதுரையில் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கநாதரும் அதே தைப்பூசத்தில் வலம் வருகிறார்கள். காஞ்சி வரதர் கோயிலின் அனந்தசரசு குளத்துக்கோ இன்னொரு பெருமை. அதன் நீருக்குள்தான் அத்திவரதர் 40 ஆண்டுகள் கிடந்து 1979இலும் 2019இலும் வெளியே வந்தார். தெப்பம் என்பது வெற்றுப் பீப்பாய்கள் மேல் மூங்கிலும் பலகையும் கட்டி எழுப்பிய மிதக்கும் மண்டபம். கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். தமிழ்நாட்டில் குளிர்காலத்தில், நிறைந்த நீரில், மக்கள் கூடிக் கண்டு களித்த படகுப் பயணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பயணம் செய்தது மட்டும் சாமி.

கும்பினி வந்தபோது ஏரிகள் மெலிந்திருந்தன. ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் செங்கல்பட்டுச் சீமையைச் சுருட்டிப் போட்டிருந்தன. 1790களில் இந்தச் சீமையின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரை மழைக்கு மழை உடைந்ததும், 1798இல் ஓர் அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போன பிளேஸ் வில்லேந்திய இரு இளைஞர்கள் காவல் நிற்கக் கண்டதாகச் சொல்லும் கதையும் ஊரறிந்தவை. கதையை நம்புவது அவரவர் விருப்பம். ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதிக் கல்லில் அந்தத் துரையின் பெயர் இருப்பது உண்மை. அதே காலத்தில் வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு அவரிடமே பாதுகாப்பு வாங்கினார்கள். அவர்கள் சொன்ன காரணம் உழவர் காரணம்: பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரி, கார்த்திகை முதல் மாசிவரை பறவைகளுக்கே உரியது. அங்கே படகுக்கு வேலை இல்லை, இருக்கவும் கூடாது.

ஏரி நாட்டிலிருந்து கழி நாட்டுக்குப் போகும் வழி பாலாறு. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் அதில் கலக்கின்றன. அந்தக் கூடலின் கரையில் உள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையின் மருத்துவர், அறுவை மருத்துவர், செவிலியர் சம்பளங்களைக்கூட விடாமல் சொல்கிறது. கணக்கில் அப்படி ஒரு கறார் இந்தப் பகுதிக்கு. அங்கிருந்து பாலாறு கிழக்கே இறங்கி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு வடக்கும் தெற்கும் கடலுக்கு இணையாக நீளும் உப்பங்கழிகள்தாம் அடுத்த களம்.

கழியில் சிறுபடகு பழையது, மிகப் பழையது. உப்பை ஏற்றிப்போய் நெல்லை மாற்றிக்கொண்டு வந்த படகுகள் கழியோரம் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பட்டினப்பாலை பூம்புகாரில் காட்டுகிறது. மரக்காணத்துக்கு வடக்கே உள்ள கழிகள் சூழ்ந்த இடைக்கழிநாடு, சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் சொந்த நாடு. உப்பு, மீன், விறகு, நெல் என்று நாலு பொருள்தான் அங்கே போக்குவரத்தின் உயிர். பிறகு ஐரோப்பியர் வந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி கடை போட்டது. பின்னாளில் அங்கே எழுந்த கோட்டையை 1752இல் கிளைவ் பிடித்தார். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை எழுந்து, பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிபட்டது. இந்த மூன்று கோட்டைகளுக்கும் பின்புறம் கழி இருப்பது தற்செயல் இல்லை. கடலில் கப்பல் நிற்கும். சரக்கைப் பிரித்து ஊருக்குள் கொண்டுபோகக் கழிப்படகு வேண்டும்.

இந்தத் துண்டு துண்டான கழிகளை ஒரே நீர்வழியாகத் தைத்தது பக்கிங்ஹாம் கால்வாய். தொடக்கம் தனியார் முயற்சி. பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். விறகும் உப்பும் நகரத்துக்குள் வருவதே நோக்கம். பிறகு அது பழவேற்காடு போயிற்று, ஆந்திரக் கடற்கரை நெடுக வளர்ந்தது. தெற்கே அடையாற்றிலிருந்து முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணம் வந்து நின்றது. மொத்தம் ஏறத்தாழ 420 கி.மீ.; தமிழ்நாட்டுப் பங்கு 163 கி.மீ. நடுவில் ஓர் இடைவெளி மட்டும் விட்டுப் போயிருந்தது: சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ.

அந்த இடைவெளியை அடைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் கண்ட தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன். நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி மக்களைக் கொண்டு அந்தத் துண்டை வெட்டினார்கள். கூலி எவ்வளவு? வைசிராய் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதோடு கொஞ்சம் காசு போதும் என்று நிர்ணயித்தார். நாளெல்லாம் மண் சுமக்கிறவனுக்கு! சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பிறகு கூலி சற்று உயர்ந்தது. கால்வாயும் முடிந்தது, 1878இல் கோமகன் பெயர் சூட்டினார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை.

கால்வாய்ப் படகின் வாழ்க்கை ரம்மியமானதில்லை. காற்று வாய்த்தால் பாய் விரிக்கலாம். ஆழம் குறைந்தால் கோலை ஊன்றித் தள்ளலாம். இரண்டும் இல்லாதபோது ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிறு போட்டு, படகைக் கட்டி இழுத்தபடி நடப்பார்கள். சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் காய்கறியும் ஏறிய படகுகள் இப்படித்தான் சென்னைக்குள் வந்தன. ஓதம் ஏறி இறங்கும் கால்வாய் என்பதால் நேரம் பார்த்துப் புறப்பட வேண்டும். ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக் எனும் நீர்ப்பூட்டு திறக்கக் காத்திருக்க வேண்டும். பல நாள் படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம்.

இன்பப் பயணமும் இதே படகில்தான். 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு நிலா வெளிச்சத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கால்வாய் வழியே படகில் போனார். ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி என்று கூட வந்தவர்கள் எல்லாம் பின்னாளில் பெயர் பெற்றவர்கள். அந்தப் பயணத்தில் பிறந்தது ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டு. நிலவையும் நீரையும் ரசித்தவரின் கண், கயிறு கட்டிப் படகை இழுத்துப் போகும் உழைப்பாளியின் மேல் போய் நின்றதுதான் அந்தப் பாட்டின் உயிர். இந்தக் கால்வாயைப் பற்றி அரசாங்க அறிக்கைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. கயிறு இழுத்தவனின் தோள் தெரிவது இந்தப் பாட்டில்தான்.

அதற்கு அடுத்த ஆண்டே ஒரு கயாக் இந்தக் கடற்கரையைக் கடந்து போனது. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர். வேலை இல்லாத் திண்டாட்டக் காலத்தில், 1932இல், உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக் ஒன்றில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர். சைப்ரஸுக்கு வேலை தேடிப் போவதாகத்தான் எண்ணம். போகப் போக ஆசை பெருகி, யூப்ரடீஸ், பாரசீக வளைகுடா, இந்திய மேற்குக் கரை என்று வந்து 1935இல் இலங்கையை அடைந்தார். அங்கிருந்து இந்தியக் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறி, கல்கத்தா, பர்மா, மலேயா, ஜாவா வழியாக 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதற்குள் போர் தொடங்கியிருந்தது. கைகுலுக்கிய அதிகாரிகளே எதிரி நாட்டுக்காரர் என்று சிறையில் வைத்தார்கள்.

அவருடைய படகு, கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் இனுயிட் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோல் போர்த்திக் கட்டிய வேட்டைப் படகின் ஐரோப்பிய வடிவம். தோலுக்குப் பதில் ரப்பர் பூசிய துணி. ரயிலில் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகலாம் என்பதால் 1907 முதல் ஜெர்மனியில் கிளெப்பர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் பந்தயம் இடம்பெற்றது. வேட்டைக்கருவி விளையாட்டுப் பொருளாக மாறி முடிந்த கதை அது. நம் ஏரி ஓடத்துக்கு அந்த வழி வாய்க்கவில்லை.

விளையாட்டுப் படகு தமிழ்நாட்டுக்குத் துரைமார் வழியாகவே வந்தது. 1867இல் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது. 1898 முதல் கொழும்புக் கிளப்போடு போட்டி. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் கோடைக்கானலில் ஓடையை மறித்து ஏரி கட்டி, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். 1890இல் அங்கேயும் ஒரு படகுக் கிளப். வெளியார் அதில் படகேற 1932வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏரியில் படகு விடுவது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற நினைப்பு நம் மனத்தில் பதிந்ததற்கு இந்தக் கிளப்புகளின் வாசற்படிக்கும் பங்கு உண்டு.

கால்வாய் தேய்ந்தது மெல்ல மெல்லத்தான். லாரி வந்தது, சாலை அகன்றது, விறகு அடுப்பு குறைந்தது. புயல்கள் கரைகளை உடைத்தன. உடைந்ததைக் கட்ட யாருக்கும் அவசரமில்லை. சென்னைக்குள் அது சாக்கடையாயிற்று. பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 1995இல் சேப்பாக்கம்வரையும் 1997இல் மயிலைவரையும் ரயில் ஓடியது. பாரதிதாசன் படகு போன வழியில் இன்று தூண்களுக்கு நடுவே நீர் தேங்கிக் கிடக்கிறது. 2004 சுனாமியின்போது இதே கால்வாய் பல இடங்களில் அலையை வாங்கிக்கொண்டு உள்ளூர்களைக் காத்ததைப் பார்த்த பிறகும், 2008இல் தேசிய நீர்வழி 4 என்று பெயர் கொடுத்த பிறகும், சென்னைக்குத் தெற்கே சரக்குப் படகு திரும்பவில்லை.

திரும்பியது உல்லாசப் படகு. கோவளம் கழியில், கால்வாய் குறுக்கிடும் இடத்தில், 1984இல் முட்டுக்காடு படகுக் குழாம் திறந்தது. கால்மிதிப் படகு, துடுப்புப் படகு, விசைப்படகு என்று தொடங்கி, பின்னாளில் கயாக்கும் சேர்ந்தது. அடுத்து முதலியார்குப்பம். தெற்கே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டு ஓடைகளுக்குள்ளும் கயாக் நுழைகிறது. முட்டுக்காட்டுக்குப் பக்கத்துக் கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார்கள். துடுப்பைப் பிடிக்கச் சொல்லித் தருகிறவர்களில் பலர் கரையோர ஊர்க்காரர்கள் என்பது நல்ல செய்தி. நீரோடு உறவு இருந்தவர்களுக்கே வேலையும் வந்திருக்கிறது.

இங்கே கயாக்குக்கு ஏற்ற காலம் மிகக் குறுகியது. கார்த்திகைவரை புயல் பயம். பங்குனிக்கு மேல் வெயிலும் வற்றும் தண்ணீரும். இடைப்பட்ட மார்கழி, தை, மாசியே பருவம். விடிந்ததும் இறங்கினால் காற்று தணிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்து திரும்பி வருவதைக் கடினமாக்கும். முகத்துவாரத்துப் பக்கம் ஓதம் இறங்கும் நேரத்தில் போகக்கூடாது, கடலுக்கு இழுக்கும். கழியில் ஆழம் குறைவுதான், ஆனால் அடியில் சேறு. விழுந்தவர் நின்றுகொள்ளலாம் என்று காலை ஊன்றினால் முழங்கால்வரை புதையும். நீந்தத் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

உள்நாட்டு ஏரிகளில் படகு அவசரத்துக்கு வந்த நாளும் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. கடலோர மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருக்களில் ஓட்டி, மாடியில் நின்றவர்களை மீட்டார்கள். ஏரியும் கால்வாயும் இருந்த இடத்தில் வீடு கட்டியவர்களை, கடலில் ஓடிய படகு வந்து காப்பாற்றியது.

சரி, உத்திரமேரூர் ஏரியிலும் ஒரு கயாக் விடலாமே என்று யாரும் கேட்கலாம். செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வருகிறது. நல்ல மழை ஆண்டில் தையில் ஏரி கடல்போலக் கிடக்கும். தடைகள் வேறு. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன்பாசிக் குத்தகை இன்னொருவர் கையில். பல ஏரிகளின் உள்வாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட கருவேல மரங்கள் வெட்டியும் வெட்டாமலும் நிற்கின்றன. நீருக்கடியில் மறைந்த ஒரு முளை போதும் படகின் அடியைக் கிழிக்க. மீன்பிடிப்பவர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோல் பலகையிலும் உட்கார்ந்து அந்த முளைகளுக்கு நடுவே வலை விரிக்கிறார்கள். ஏரி ஓடத்தின் இன்றைய வாரிசு என்று சொன்னால் அந்தத் தெர்மாகோல் பலகையைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வண்டல். 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு மீண்டும் தொடங்கியபோது அதற்குத் தேர்ந்த இடம் இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரி. ஏரி வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அனுமதியும் அந்த ஆண்டு வந்தது. நல்ல முடிவுகள்தாம். ஆனால் தூர்வாருவது திட்டம் வரும் ஆண்டில் மட்டும் நடக்கிற வேலையாகவே இன்னும் இருக்கிறது. வாரியம் 360 நாளுக்கு ஒருமுறை மாறினாலும் வண்டல் அள்ளும் முதல் மாறாமல் கிடந்த ஏற்பாடு அதே வட்டாரத்தில்தான் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்றுலாவுக்காக ஏரியில் படகுத்துறை கட்ட நினைக்கும் ஊராட்சிகள், படகுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த ஏரியின் மதகுக்கும் வண்டலுக்கும் என்று எழுத்தில் ஒதுக்கிவிட்டு, பிறகு கயாக் வாங்கட்டும்.